வளைகோலும் உப்பளமும்

விளையாட்டு அறிவியல் என்று இன்று வழங்கப்படும் துறை, உழைக்கும் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது, அதில் எவ்வளவு வெப்பமாக மாறுகிறது, அந்த வெப்பத்தை உடல் எவ்வழியில் வெளியேற்றுகிறது, வெளியேற்ற இயலாதபோது எந்த உறுப்பு முதலில் தளர்கிறது என்னும் கேள்விகளைச் சுற்றி வளர்ந்த ஒன்றாகும். மனிதத் தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான் இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பம். 70 கிலோ எடையுள்ள ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் விரைந்து ஓடும்போது நிமிடத்துக்கு 40 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறார் என்று கொண்டால், அதில் சிறிதும் வெளியேறாத நிலையில் அவரது உடல் வெப்பநிலை ஆறு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறும். 15 நிமிட முதல் கால்பகுதி முடிவதற்குள் 39 பாகை செல்சியஸைக் கடந்துவிடும். அப்படி நேராமல் காப்பது வியர்வை. சரியாகச் சொன்னால், வியர்ப்பது அன்று, வியர்வை ஆவியாவதே காக்கிறது: தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை முற்றிலும் ஆவியானால் அது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும், தரையில் சொட்டி வீணாகும் லிட்டரோ எதையும் எடுத்துச் செல்லாது.

இந்த இயற்பியலை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வானத்தின் கீழ், ஏக்கர் கணக்கில் விரித்து வைத்ததுபோலக் காட்டும் இடம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை. மரக்காணத்தை அடுத்த மீனவக் குப்பமான எக்கியார்குப்பத்தை ஒட்டிய இந்தக் கரையோரத்தில், பக்கிங்காம் கால்வாயின் பக்கமாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களில் நடப்பதும் ஆவியாதலேயன்றி வேறன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் உணவுக்குரிய சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்க வேண்டுமானால் நீரின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போக வேண்டும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவையில் கடல்நீர் 3 பாகைக்குச் சற்று மேல் நிற்பதும், உப்பு படியும் நீர் 25 பாகையை எட்டியிருப்பதும் இதனால்தான். உப்பு செறிந்த நீருக்கு இன்னொரு பண்பும் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டியதும் செறிவு முற்றிய உப்புநீர் ஆவியாவதை நிறுத்திவிடுகிறது, அதற்கு மேல் போனால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. ஆகவே கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாளில் பாத்தியில் உப்பு விளைவது மந்தமாகும். அதே ஈரக் காற்று பாத்தியில் நின்று உப்பு வாருபவரின் தோலிலும் வியர்வை உலர்வதைத் தடுத்து, அவரது உடலுக்குள் வெப்பத்தைத் தேக்கிவைக்கும். பாத்தியையும் தோலையும் ஒரே விதி ஆள்கிறது. ஆயினும் அந்த விதியை மனித உடலில் அளந்தறியும் கருவிகளும் வல்லுநர்களும் ஆட்டக்களத்துக்கு வந்துசேர்ந்த அளவுக்கு உப்பளத்துக்கு வந்து சேரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி உண்டாயிற்று என்பதை ஒரு ஹாக்கி ஆட்டக்காரரின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்று பார்ப்பது பயனுடையது.

வெஸ் பயஸ் 1945இல் கோவாவில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே ஹாக்கியில் உயர்ந்து, இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரராக 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடி வெண்கலப் பதக்கம் வென்றவர். பின்தடுப்புக்கும் முன்னணிக்கும் இடையே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் நடுக்களம்; அதில் நிற்பவரின் இதயமும் நுரையீரலும் மற்றவர்களுடையதை விட நீண்ட நேரம் உச்ச வேகத்தில் இயங்கியாக வேண்டும். ஹர்மிக் சிங் தலைமையேற்ற அந்த அணியில் தமிழ்நாட்டின் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் வி. ஜே. பிலிப்ஸும், கண்ணூரைச் சேர்ந்த இலக்குக் காவலர் மானுவேல் பிரடெரிக்கும் இடம்பெற்றிருந்தனர். அரையிறுதியில் பாகிஸ்தானிடம் தோற்ற இந்தியா, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்தை 2-1 என வென்றது. புல்தரையில், 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக ஆடப்பட்ட அந்த ஹாக்கிக்கு வேண்டியிருந்தவை மணிக்கட்டின் நளினமும் பந்தைக் கோலோடு ஒட்டவைத்துக் கொண்டுபோகும் திறனுமே என்று அன்றைய இந்திய ஹாக்கி உலகம் நம்பியது. அந்த நம்பிக்கை தவறென்று சொல்வதற்கில்லை. அது புல்தரைக்குப் பொருந்திய நம்பிக்கை.

நான்கே ஆண்டுகளில் தரை மாறியது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டபோது இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. செயற்கைத் தரையில் பந்து குதிக்காமல் நேராகவும் வேகமாகவும் உருளுவதால், பந்தை நிறுத்தித் திருப்பும் கலையை விட, பந்து போகுமிடத்துக்கு முன்கூட்டியே ஓடிச் சேரும் வலிமை மதிப்புப் பெற்றது. அதாவது ஆட்டத்தின் சுமை கையிலிருந்து தொடைக்கும் இதயத்துக்கும் இடம்பெயர்ந்தது. இந்திய ஹாக்கியின் சரிவுக்குத் தரையை மட்டும் காரணங்காட்டுவது நெடுங்காலமாக ஒரு வசதியான சாக்காக இருந்துவந்திருக்கிறது. தரை மாறியது ஐரோப்பியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் சேர்த்துத்தான். அவர்கள் மாறிய தரைக்கேற்ற உடலை உருவாக்கும் அறிவியலை நாடினார்கள், இந்தியா பழைய பயிற்சியையே புதிய தரையில் தொடர்ந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இலேயே தொடங்கப்பட்டிருந்தும், இந்திய விளையாட்டு ஆணையம் 1984இல் அமைக்கப்பட்டிருந்தும், உடலியல் அறிஞர் ஒருவர் பயிற்சியாளரின் அருகே அமர்ந்து அன்றைய பயிற்சியின் அளவை முடிவுசெய்யும் வழக்கம் ஹாக்கியில் வேரூன்ற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஹாக்கி உடலிடம் கேட்கும் விலை மற்ற ஓட்ட ஆட்டங்களிலிருந்து வேறுபட்டது என்பதை அளந்து காட்டியவர்களுள் இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த உடலியலாளர் தாமஸ் ரைலி குறிப்பிடத்தக்கவர். அவரும் அவரது உடன் ஆய்வாளர் ஏ. சீட்டனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரர்களை ஓடுபொறியின் மேல், அதாவது நின்ற இடத்திலேயே ஓடச்செய்யும் நகரும் பட்டையின் மேல், ஒருமுறை வெறுங்கையோடும் மறுமுறை கோலால் பந்தைத் தட்டிக்கொண்டும் ஓடவிட்டு ஒப்பிட்டனர். வேகம் ஒன்றே ஆயினும், முதுகை வளைத்துக் குனிந்து பந்தோடு ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கிலோஜூல் ஆற்றல் கூடுதலாகச் செலவாயிற்று. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் சுமையால் நீர் இழந்து அமுங்குவதால் மனிதரின் உயரம் சில மில்லிமீட்டர் குறையும். உயரத்தை மிக நுட்பமாக அளந்தால் அந்தக் குறைவிலிருந்து முதுகெலும்பின் மேல் விழுந்த சுமையை மதிப்பிடலாம். இம்முறையையும் அவ்வாய்வு கையாண்டது. ஹாக்கி ஆட்டக்காரர்களிடையே இடுப்புவலி பரவலாக இருப்பதற்கு அந்தக் குனிந்த நிலையே பெரிதும் காரணம். நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்ப்பவரும் அதே வளைவில்தான் நிற்கிறார். ஆனால் ஹாக்கிக்காரர் ஓர் ஆட்டத்தில் 60 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, உப்பளத்தில் நிற்பவருக்கு அது மழைக்காலம் தவிர்ந்த மாதங்களின் அன்றாட வேலை.

மியூனிக்குக்குப் பிறகு வெஸ் பயஸ் மருத்துவத்தில், குறிப்பாக விளையாட்டு மருத்துவத்தில் தம் வாழ்வைச் செலுத்தினார். அந்தத் தலைமுறையின் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஓய்வுக்குப் பின் ரயில்வேயிலோ வங்கியிலோ காவல்துறையிலோ பணியைத் தொடர்ந்தும், சிலர் பயிற்சியாளராகியும் நின்றுவிட்ட நிலையில், ஆட்டக்காரரின் காயத்தையும் களைப்பையும் மருத்துவரின் கண்ணால் பார்க்கத் துணிந்தவர் அவர். டேவிஸ் கோப்பை டென்னிஸ் அணிக்கு மருத்துவராகவும், ஆசிய கிரிக்கெட் மன்றத்துக்கும் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் ஊக்கமருந்து தடுப்புப் பணிகளில் ஆலோசகராகவும், இந்திய ரக்பி ஒன்றியத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 1999இல் அமைந்ததையும், தடைசெய்யப்பட்ட பொருள் எது, சாதாரண இருமல் மருந்தில் அது எப்படி ஒளிந்திருக்கக்கூடும் என்பதை இந்திய ஆட்டக்காரர்களில் பலர் அறியாதிருந்ததையும் சேர்த்து எண்ணினால், அந்த ஆலோசகர் பணியின் தேவை விளங்கும். அவரது பெயர் எந்தப் பெரிய கண்டுபிடிப்போடும் இணைத்து நினைக்கப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டவற்றை உடைமாற்றும் அறைக்குக் கொண்டுசேர்க்கும் பணி கண்டுபிடிப்பை விடச் சிறியது என்று கருதுவது, இந்தியாவில் இத்துறை ஏன் இவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளாததன் விளைவு.

அவரது மகன் லியாண்டர் பயஸ் 1985இல் சென்னைக்கு வந்து பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்ததும், 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலம் வென்றதும், 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் பெற்ற பதக்கத்துக்குப் பிறகு இந்தியர் ஒருவர் தனிநபர் போட்டியில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது என்பதும் பலரும் அறிந்தவை. தந்தையும் மகனும் வெவ்வேறு ஆட்டங்களில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற அந்தக் குடும்பத்தில், தாய் ஜெனிபர் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர் என்பதால், இதை மரபணுவின் வெற்றியாகக் காட்ட விரும்புவோர் உண்டு. ஆனால் 1992 முதல் 2016 வரை தொடர்ந்து ஏழு ஒலிம்பிக்குகளில் ஆடுவதற்குப் பிறப்பால் வந்த உடல் மட்டும் போதாது. நாற்பதைக் கடந்த உடலின் தசைநாணையும் மூட்டையும் காயமின்றிக் காக்கும் மருத்துவ அறிவு வீட்டிலேயே இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெஸ் பயஸ் 2025 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தாவில் காலமானார்.

மியூனிக்கில் இந்தியா ஆடிய அதே பிரிவில் ஆஸ்திரேலிய அணிக்காக ஆடிய இருபது வயது இளைஞர் ரிக் சார்லஸ்வொர்த்தும் பின்னாளில் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பது வியப்பான ஒற்றுமை. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரரை மாற்றலாம் என்னும் விதி 1992இல் வந்தது. களைத்தவரை வெளியே எடுக்கவே அது என்று பலர் எண்ணியிருக்க, களைப்பு வெளியே தெரிவதற்கு முன்பே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றி, களத்தில் நிற்கும் பதினொருவரும் எப்போதும் உச்ச வேகத்தில் ஓடும்படி செய்யும் முறையைத் திறம்படக் கையாண்ட பயிற்சியாளர்களுள் அவர் முதன்மையானவர். அவரது பயிற்சியில் ஆஸ்திரேலிய மகளிர் அணி 1996, 2000 ஒலிம்பிக்குகளையும், ஆடவர் அணி 2010, 2014 உலகக் கோப்பைகளையும் வென்றன. அவர் 2007-08இல் இந்திய ஹாக்கிக்கு ஆலோசகராக வந்து சில மாதங்களிலேயே விலகிச் சென்றதும், இந்திய ஆடவர் அணி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமலே போனதும் ஒரே காலத்தவை. பிறகு நிலைமை மாறியது. தோள்பட்டைகளுக்கு இடையே செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியைப் பொருத்தி ஓடிய தொலைவையும் விரைந்த தடவைகளையும் பதிவுசெய்வதும், காலைச் சிறுநீரின் அடர்த்தியை அளந்து நீர்வறட்சியைக் கண்டறிவதும் இந்திய முகாம்களில் வழக்கமாயின. ராபின் ஆர்கெல் ஆடவர் அணிக்கும், வெய்ன் லொம்பார்ட் மகளிர் அணிக்கும் அறிவியல் ஆலோசகர்களாக இருந்த காலத்தில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம் வென்றனர், மகளிர் நான்காம் இடம் பெற்றனர்.

இங்கே மறந்துபோன ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு இன்று பயன்படும் வெப்ப உடலியலில் பெரும்பகுதி ஆட்டக்களத்தில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களுக்கு வந்த கடுமையான தசைப்பிடிப்பை 1920களில் ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் முதலியோர், அது நீர் குறைந்ததால் அன்று, வியர்வையில் உப்பை இழந்தவர்கள் வெறும் நீரை மட்டும் குடித்ததால் வந்தது என்று கண்டனர். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் வேறுபட்டு ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கும் என்பதை நோக்கினால், வெயிலில் பல லிட்டர் வியர்ப்பவரின் இழப்பு எத்தகையது என்பது தெரியும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது 1931 கோடையில் தொழிலாளர் பலர் வெப்பத்தால் மாண்டனர். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த டி. பி. டில் தம் குழுவினரோடு அங்கு சென்று தொழிலாளரின் குருதியையும் வியர்வையையும் சிறுநீரையும் ஆராய்ந்து, நீரோடு உப்பும் வேண்டும் என்னும் முடிவை உறுதிசெய்தார். 1927இல் தொடங்கி 1947இல் மூடப்பட்ட அந்த ஆய்வகம்தான் பின்னாளின் விளையாட்டு உடலியலுக்கு ஆசிரியர்களை வழங்கிய நாற்றங்கால். வாந்திபேதிக்குத் தரப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலின் கதையும் இதனோடு இணைந்தது: குடலில் சோடியத்தைச் சர்க்கரை தன்னோடு இழுத்துச் செல்கிறது என்னும் உண்மையை வைத்து, 1971இல் வங்காள எல்லை ஊரான பங்கானின் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார், கடைகளில் ஆட்டக்காரர்களுக்கென்று வண்ணப் புட்டியில் விற்கப்படும் பானமும் அதே உண்மையைத்தான் விலைக்கு விற்கிறது.

வெப்பத்தின் ஆபத்தை அளக்க இன்று உலகெங்கும் பயன்படும் அளவையும் வேறு களத்திலிருந்து வந்ததே. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியின்போது வெப்பத்தால் விழுவதைத் தடுக்க யாக்ளோ, மினார்டு ஆகிய இருவரும் வகுத்த ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை என்னும் அது, மூன்று வெப்பமானிகளின் கூட்டு: ஈரத்துணி சுற்றிய குமிழ் காட்டும் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் உள்ளே உள்ள அளவில் 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 10 விழுக்காடு. ஈரத்துணிக்கு இவ்வளவு பெரிய பங்கு தரப்பட்டிருப்பதன் காரணம், வியர்வை உலருமா உலராதா என்பதே உயிரை முடிவுசெய்கிறது என்பதுதான். சென்னையில் 36 பாகை என்று செய்தியில் சொல்லப்படும் நாள், உள்நாட்டு ஊரின் 40 பாகையை விடத் துன்பமாக இருப்பதும் இந்தக் கணக்கினால்தான். கால்பந்து உலகக் கோப்பை ஆட்டங்களில் இந்த அளவை 32 பாகையைக் கடந்தால் ஆட்டத்தை நிறுத்தி நீர் அருந்த இடைவேளை விடலாம் என்று ஃபிஃபா விதி வகுத்தது. 2014இல் பிரேசிலில் அது நடைமுறைக்கும் வந்தது.

கடும் உழைப்புக்கு, ஓய்வையும் கணக்கில் கொண்டு, இதே அளவையில் தொழில்நலத் துறையினர் கொள்ளும் வரம்பு ஏறத்தாழ 27.5 பாகை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350 பேரளவில் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவில், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அந்த வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைப்பதும், ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் தெரிந்தது. வடிகட்டும் திறன் என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு குருதியைச் சிறுநீரகங்கள் தூய்மை செய்கின்றன என்பதன் மதிப்பீடு. நாள்தோறும் நீர் வறண்டு, குருதியோட்டம் தோலுக்கும் தசைக்கும் திருப்பப்பட்டு, சிறுநீரகம் பட்டினி கிடக்கும்போது அது படிப்படியாகக் குறையும். இதில் பெண்களின் நிலை தனியே கருதத்தக்கது. அளங்களில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுவதும் நீரே குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு, வெப்பம் தரும் வறட்சியோடு தாமே மேற்கொள்ளும் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. எந்த ஹாக்கி முகாமின் அறிவியல் ஆலோசகரும் தம் ஆட்டக்காரரை இந்நிலையில் ஒரு நாள்கூடக் களமிறங்க விடமாட்டார்.

வெப்பத்துக்கு உடல் பழகும் என்பது உண்மைதான். பத்து முதல் பதினான்கு நாட்கள் தொடர்ந்து வெயிலில் உழைத்தால் குருதியின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவின் பருமன் கூடும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரீனல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் சோடியத்தைத் தடுத்து நிறுத்துவதால் வியர்வையில் உப்பும் குறையும். ஆனால் அப்பழக்கம் சில வாரங்கள் இடைவெளி விட்டால் கரைந்துவிடும் இயல்புடையது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையால் அளம் மூடிக்கிடந்து, ஆண்டின் தொடக்கத்தில் வேலை மீண்டும் துவங்கும்போது தொழிலாளியின் உடல் புதியவரின் உடலைப் போலவே இருக்கும். ஓய்வுக்குப் பின் முகாமுக்குத் திரும்பும் ஆட்டக்காரருக்கு முதல் வாரத்தில் பயிற்சியின் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவது இன்று எல்லா அணிகளும் கைக்கொள்ளும் முறை. உப்பளத்தில் கூலி வேலையின் அளவைப் பொறுத்தது என்பதால் முதல் வாரமும் பத்தாவது வாரமும் ஒன்றாகவே நடக்கின்றன. கடற்காற்றையும் வெள்ளை உப்பிலிருந்து திரும்பி எழும் ஒளியையும் தவிர்க்க இயலாது. விடியுமுன் தொடங்கி வெயில் முற்றுமுன் நிறுத்துவது என்று தொழிலாளர்களே கண்டறிந்து கைக்கொள்ளும் வழிதான் இதுவரை அவர்களுக்குக் கிடைத்துள்ள ஒரே வெப்ப நெறிமுறை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்தது. இறந்த பின் வரும் அந்தத் தொகைக்கு முன்னால் செய்யத்தக்கவை எளியவை: எக்கியார்குப்பத்தை ஒட்டிய மரக்காணம் அளங்களில் அந்த மூன்று வெப்பமானிகளை நிறுத்துவதும், வரம்பு கடந்த மணிநேரத்துக்குக் கூலியோடு ஓய்வு தருவதும், நிழலும் குளிர்ந்த குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் அமைப்பதும், ஆண்டுக்கொருமுறை சிறுநீரகத்தைச் சோதிப்பதும். இவற்றுள் எதற்கும் புதிய ஆய்வு தேவையில்லை. தேவையான அறிவு முழுவதும் ஏற்கெனவே ஆட்டக்களத்தில் பயன்பாட்டில் உள்ளது.